அப்பா ஓடிவந்த வரி

மின்விசிறி ஆலையில் கம்பி சுற்றும் பிரிவில் அவளுக்குப் பெயர் புள்ளியக்கா. சம்பளப் பதிவில் வேறு பெயர் இருந்தது. அது சம்பளப் பதிவோடு சரி. எரிச்சலின் உச்சியில் இருக்கும் சூப்பர்வைசர்கூட, "புள்ளியக்கா, உங்க மேசையில மட்டும் என்ன தேங்கிக் கிடக்குது?" என்றுதான் சத்தம் போடுவார்.

சின்ன வயதில் அம்மை வந்து கண் போனது. அதைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. விரல் மிச்சம் இருந்தது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த செம்புக் கம்பி, சுழலும்போது ஒரு சுற்று இன்னொன்றின்மேல் ஏறிப் படுத்தால் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்கள் சுற்றி முடித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, பிறகு திட்டு வாங்குவார்கள். அவள் அந்த இடத்திலேயே நிறுத்திப் பின்னுக்குச் சுழற்றுவாள். "உங்க கையில தப்பே வராதுக்கா" என்று பக்கத்து மேசைப் பெண்கள் சொல்லிச் சொல்லி, அவளும் அதை நம்பிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

காலை ஷிஃப்ட் முடிந்தால் நேராக வீடு. தங்கை வீட்டின் பின்பக்க அறை அவளுடையது. ஒரு கட்டில், ஒரு மேசை, பின்தெருவைப் பார்த்த ஜன்னல். பழைய காலண்டர் தாள் ஒன்றை மேசையில் போட்டு, துளை வரிசைகள் உள்ள உலோகச் சட்டத்தை அதன்மேல் கவ்வவிட்டு, குத்தூசியால் அழுத்த ஆரம்பிப்பாள். டொக், டொக், டொக். அழுத்தும்போது வலமிருந்து இடமாகப் போக வேண்டும். தாளைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் புள்ளிகள் மேடாக எழும்பி நிற்கும். இடமிருந்து வலமாக விரலால் படிக்கலாம்.

"விளக்கே போடாம ஓடுற அச்சகம் எங்க வீட்டுலதான் இருக்கு" என்பாள் தங்கை.

அந்த அச்சகத்தில் வெளியாகும் புத்தகம் ஒன்றே ஒன்றுதான்: பைபிளில் வரும் சுவிசேஷம். அந்த ஊரில் பிரெயில் என்னும் புள்ளி எழுத்துக்கு இயந்திரம் கிடையாது. பார்வையற்றோர் சங்கத்தில் எப்போதோ யாரோ கையால் குத்திவைத்த ஒரே ஒரு தடித்த புத்தகம் இருந்தது. வேண்டும் என்பவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியது. பார்த்து என்றால் விரலால் தடவி. ஒரு துண்டு வாக்கியத்தைத் தடவுவது, ஊசியை எடுத்துக் குத்துவது, மறுபடி வந்து விட்ட இடத்தைத் தேடுவது. சிலர் சங்கத்துப் புத்தகத்திலிருந்து எழுதினார்கள். சிலர் எழுதியவர்களிடம் வாங்கி எழுதினார்கள்.

தங்கையின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். பல வருஷம் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். டிப்போவில் மிஞ்சும் காலண்டர்களை அவர்தான் கொண்டுவந்து போடுவார். போட்டுவிட்டுச் சும்மா போகமாட்டார்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்கிட்டா மட்டும் கேக்காம இருக்கவா போறீங்க மாப்ளே? கேளுங்க."

"கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷக் கதை. ஒருத்தன் எழுதினதைப் பார்த்து ஒருத்தன், அவனைப் பார்த்து இன்னொருத்தன். முதல்ல இருந்ததுல என்ன மிச்சம் இருக்கும்? நான் நோட்டீஸ் போட்ட ஆளு. 'வேலை நிறுத்தம் பத்திப் பேசக் கூடுவோம்'னு டிப்போ வாசல்ல கொடுப்போம். மூணாவது ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது 'நாளைக்கு வேலை நிறுத்தம்'னு ஆகியிருக்கும். ஒரே சாயங்காலத்துல."

"உங்க ஆளுங்க அவசரக்காரங்க. இது பயந்து பயந்து எழுதின கை."

"பயந்த கை நடுங்கும்க்கா."

அவள் ஊசிச் சத்தம் கொஞ்சம் கூடும்.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு நாள் நாற்காலிக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். பிரம்பு நாற்காலி பின்னுகிறவர்கள்; இரண்டு பேருக்கும் பார்வை இல்லை. புள்ளியக்காவின் பிரதியை இரவல் வாங்கி ஆளுக்கொன்று எழுதிக்கொண்டவர்கள். ஒரே வீட்டில் எதற்கு இரண்டு என்று கேட்டால், "அவர் படிக்கிற நேரம்தான் எனக்கும் படிக்கத் தோணுது" என்பார் அந்த அம்மா.

"புள்ளியக்கா, வீட்டை விட்டுப் போன பையன் கதை இருக்குல்ல" என்று நாற்காலிக்காரர் இழுத்தார். "அதுல அவன் திரும்பி வரும்போது அப்பா ஓடி வருவாரே."

"ஆமா, வருவாரு."

"எங்க வீட்டுல வரலியே."

"இவரு எழுதும்போது தூங்கிட்டாருன்னு நினைச்சேன்" என்றார் மனைவி. "என்னோடதுல பார்த்தேன், அதுலயும் வரல. ரெண்டு பேரும் சேர்ந்தாப்போல தூங்குற வழக்கம் எங்களுக்கு இல்ல."

புள்ளியக்கா தன் பிரதியை இழுத்தாள். விரல் ஓடியது. பையன் பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். அப்பாவிடம் போய் இன்னது சொல்வேன் என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்கிறான்: உமக்கு மகன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. அடுத்த வரியில் அப்பா வேலைக்காரர்களிடம் நல்ல உடுப்பு கொண்டுவரச் சொல்கிறார்.

நடுவில் ஒன்றுமே இல்லை.

நடந்தது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பையன் அதே வார்த்தைகளை இரண்டு முறை சொல்கிறான். ஒத்திகையாக ஒரு முறை, அப்பா முன்னால் ஒரு முறை. முதல் இடம் வரை குத்திவிட்டு, விட்ட இடத்தைத் தேடிப் போன விரல் அதே வார்த்தைகளை இரண்டாவது இடத்தில் கண்டுபிடித்திருக்கிறது. இதுதான் என்று அங்கிருந்து நிம்மதியாகத் தொடர்ந்திருக்கிறது. இடையில் பையன் எழுந்தது, நடந்தது, தூரத்தில் வரும்போதே அப்பா கண்டுகொண்டது, மனம் உருகியது, ஓடியது, கட்டிக்கொண்டது, அத்தனையும் போய்விட்டது. அவள் பிரதியில் பையன் பன்றிகளோடு உட்கார்ந்தபடியே புது உடுப்பு வாங்கிக்கொண்டான்.

நாற்காலிக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் சங்கத்துக்குப் போய்ப் பழைய புத்தகத்தைத் திறந்தாள். அந்தப் பக்கம் துவைத்த துணி மாதிரி வழவழவென்று இருந்தது. அவள் எழுதிய காலத்திலேயே பாதி தேய்ந்திருந்த பக்கம். இப்போது ஒரு புள்ளிகூட விரலில் தட்டுப்படவில்லை. வேறு பக்கங்களைத் தடவினாள். யார் யாருக்கு மகன் என்று நீளும் வம்ச வரிசை நேற்றுக் குத்தினது போல் கூர்மையாக இருந்தது. யாரும் அதில் விரலை நிறுத்தவில்லை. ஜனங்கள் திரும்பத் திரும்பத் தேடி வந்த பக்கம்தான் அழிந்திருந்தது. படித்துப் படித்தே அழித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டத்தையும் ஊசியையும் துணியில் சுற்றி அலமாரி மேலே போட்டாள். மூன்று பிரதிகளையும் எரித்துவிடலாம் என்று நாற்காலிக்காரருக்குச் சொல்லி அனுப்பினாள். ஆலையிலும் தன் கைமேல் நம்பிக்கை போனது. சரியாகச் சுற்றிய சுருளைச் சந்தேகப்பட்டுப் பிரித்தாள். மேசையில் நிஜமாகவே தேங்கியது.

"என்னக்கா, ஒரு வரி விட்டுப்போச்சு. சேத்து எழுதிட்டாப் போச்சு" என்றாள் தங்கை.

"ஒரு வரியா அது? என் கை அந்த அப்பாவையே அழிச்சிருக்கு. தப்பே வராதுன்னு ஊரே சொன்ன கை. எனக்கு முன்னாடி எத்தனை கை இருந்திருக்கும்? எவன் எதை விட்டானோ. இனி எதை நம்பி நான் விரலை வைக்கிறது?"

புத்தகத்தை அதன்பிறகு அவள் படிக்கவும் இல்லை. ஜெபம் செய்ய உட்காருவாள், எழுந்துவிடுவாள். இதைத் தங்கை தன் கணவரிடம் சொன்னாள். அவர் அன்று சாயங்காலம் பின்பக்க அறைக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"சொல்லுங்க மாப்ளே. ஜெயிச்சிட்டீங்க."

"ஜெயிச்ச மாதிரி இல்லையேக்கா." அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்ககிட்ட பாதிதான் சொல்லியிருக்கேன். ஒரு தடவை நிர்வாகமே எங்க யூனியன் பேர்ல நோட்டீஸ் அடிச்சு விட்டுச்சு. வேலை நிறுத்தம் வாபஸ்னு. அச்சு அசல் எங்க நோட்டீஸ் மாதிரியே இருந்துச்சு. ஆனா பலிக்கல. ஏன்னா எங்களுது அதுக்குள்ள எல்லா ஷெட்டுக்கும் போயிடுச்சு. ஒருத்தன் சட்டைப் பையில, ஒருத்தன் டிஃபன் டப்பாவுக்கு அடியில. ஒரு நோட்டீஸை மாத்தலாம்க்கா. போய்ச் சேர்ந்ததையெல்லாம் மாத்தணும்னா வீடு வீடாத்தான் போகணும்."

அவர் எழுந்து மேசைப் பக்கம் வந்தார்.

"சங்கத்துப் புத்தகத்தைப் பார்த்து வேற யாரு எழுதினது?"

"பாட்டு டீச்சர். டெலிபோன்காரர். ரெண்டு பேரும் எனக்கு ரொம்ப முந்தி. பக்கம் நல்லா இருந்த காலத்துல."

"எதுக்கு இவ்வளவு சுத்தணும்? அச்சுப் புத்தகத்தை எடுத்துப் படிச்சா முடிஞ்சுது" என்றாள் வாசலில் நின்ற தங்கை.

"அதைத் தொடக் கூடாது. அந்தக் காலத்துல எவன் கையில அச்சு இருந்துச்சு? அது மூடியே இருக்கட்டும். அக்கா, உங்க எல்லார் பிரதியையும் மட்டும் வெச்சு, தேஞ்சுபோன பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு நீங்களே கண்டுபிடிங்க. கதை எல்லாருக்கும் தெரியும், கதை வேண்டாம். வார்த்தை வார்த்தையா வேணும். அப்புறம் நான் அச்சைத் திறக்கிறேன். தப்பா வந்தா நான் இத்தனை நாள் சொன்னதுதான் சரி, ஊசியைக் குப்பையில போடுங்க. சரியா வந்தா அலமாரி மேல இருக்கிறது கீழ இறங்கணும்."

அவளுக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் தோன்றியது. தப்பாக வந்தால் என்ன மிஞ்சும்? ஆனால் இப்போது மட்டும் என்ன மிஞ்சியிருக்கிறது? சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சங்கத்து அறையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். ஐந்து பேர், ஐந்து பிரதிகள்: புள்ளியக்காவுடையது, நாற்காலிக்காரர் வீட்டு இரண்டு, ஓய்வுபெற்ற பாட்டு டீச்சருடையது, ஆஸ்பத்திரியில் டெலிபோன் இணைப்புக் கொடுக்கும் டெலிபோன்காரருடையது. ஐந்து பேரில் யாருக்கும் பார்வை இல்லை. மாப்பிள்ளை ஜன்னலோரம் மூடிய அச்சுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

வழி சொன்னது பாட்டு டீச்சர். "எல்லாரும் சேர்ந்து படிப்போம். தாளம் நான் போடுறேன். யாராவது பிசகினா தனியாத் தெரியும். அங்க நிறுத்துவோம். ஒத்துக்கிட்டதை நான் குத்திக்கிறேன்." புள்ளியக்கா ஊசியைத் தொடமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐந்து குரல்கள் கிளம்பின. மேசையில் டீச்சரின் விரல் தட்டிக்கொண்டே போனது. பையன் பங்கு கேட்டான், பிரிந்தான், தொலைத்தான், பன்றி மேய்த்தான். அங்கே டீச்சர் மட்டும் ஒரு வாக்கியத்தை இரண்டாம் தடவை சொன்னார். மற்ற நான்கு குரலும் நின்றன.

"டீச்சர், ஒரே பசி ரெண்டு தடவையா?" என்றார் டெலிபோன்காரர்.

டீச்சர் தன் பிரதியைத் தடவிப் பார்த்தார். ஒரு தாளின் கடைசி வரி, அடுத்த தாளின் முதல் வரியாகவும் இருந்தது. "பக்கம் மாத்தும்போது நடந்திருக்கு. எடுத்துடலாம்." முகம் சுருங்கிவிட்டது. மறுபடி தாளம்.

பையன் ஒத்திகை பார்த்தான். தகுதி இல்லை என்றான். அங்கே கூட்டம் இரண்டாக உடைந்தது. மூன்று குரல் உடுப்புக்குத் தாவின. டீச்சரும் டெலிபோன்காரரும் மட்டும் பையனை எழுப்பி நடக்கவைத்தார்கள். தூரத்தில் அப்பா அவனைக் கண்டார்.

தாளம் நின்றது.

"மூணுக்கு ரெண்டு" என்றார் டெலிபோன்காரர். "ஓட்டுப் போட்டா அப்பா தோத்துட்டாரு."

புள்ளியக்காவின் கை மேசைக்கு அடியில் போய்விட்டது.

"இருங்க, இருங்க" என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. "கள்ள ஓட்டு நிறையப் பார்த்தவன் நான். அந்த மூணும் மூணு ஓட்டுதானா? அக்கா, முதல் பக்கத்துல நீங்க மூணு பேரும் ஒரு இடத்துல மூச்சு விட்டீங்க. மத்த ரெண்டு பேர் விடல. அது என்ன?"

அவள் தடவினாள். "இதுவா? காலண்டரை மாட்டின ஆணி ஓட்டை. அதுல குத்த முடியாது. தாண்டிப் போய்க் குத்தினேன். வரி நடுவுல காலி இடம் விழுந்துச்சு."

"உங்க தாள்லயும் ஓட்டையா?" என்று நாற்காலிக்காரரைக் கேட்டார் மாப்பிள்ளை.

"எங்களுது பெட்டி அட்டை. ஓட்டை இல்ல."

"அப்புறம் எதுக்குக் காலி விட்டீங்க?"

நாற்காலிக்காரருக்குக் கேள்வியே புரியவில்லை. "அங்க காலியா இருந்துச்சு. நாங்களும் விட்டோம். எதுக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? அக்கா காரணமில்லாம விடமாட்டாங்க."

புள்ளியக்காவின் விரல் அந்தக் காலி இடத்திலேயே நின்றது. ஆணி ஓட்டை. அதைக்கூட விடாமல் கொண்டுபோயிருக்கிறார்கள். அர்த்தம் தெரியாத ஒரு வெற்றிடத்தைத் தங்கள் நல்ல அட்டையில் அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

"அப்போ மூணும் ஒண்ணுதான்" என்றார் மாப்பிள்ளை. "மூணு பேர் கை, ஒரே ஆள் பேச்சு."

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "எங்க ரெண்டு பேருதும் ஒண்ணுக்கு ஒண்ணு பார்த்து எழுதினது இல்ல. என் தப்பு அவர்கிட்ட இல்ல. நானும் அவரும் தனித்தனியா உக்காந்து, ஒரே வார்த்தையில ஒரு அப்பாவை ஓடவெச்சிருக்க முடியுமா? அக்கா விரல் எப்படித் தாவுச்சுன்னு நமக்குத் தெரியும். வரி இருந்துச்சு." டொக், டொக் என்று அந்த வரி தாளில் ஏறியது.

அப்பா கட்டிக்கொண்டார். உடனே டெலிபோன்காரர் மட்டும் தொடர்ந்தார்: அம்மாவும் வாசலில் நின்று அழுதாள்.

டீச்சரின் விரல் தட்டுவதை நிறுத்தியது.

"டெலிபோன்காரரே, இந்த அம்மா யாரு?" என்றார் நாற்காலிக்காரரின் மனைவி.

"அப்பா ஓடுறாரு, அப்பா விருந்து வைக்கிறாரு. பெத்தவ எங்கம்மா போனா? எனக்கு மனசு கேக்கல."

"மனசு கேக்கலன்னா தனியா எழுதி வெச்சுக்கணும்."

"தனியாத்தான் எழுதினேன். வரிக்கு நடுவுல."

ஜன்னலோரம் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா வெளியே போனாள்.

கடைசியில் ஒரே ஒரு இடம் அகப்படவில்லை. உடுப்பு கொண்டுவாருங்கள் என்னும்போது புள்ளியக்கா வழி வந்த மூன்று பிரதிகளிலும் 'சீக்கிரம்' என்று இருந்தது. டெலிபோன்காரரிடம் இல்லை. டீச்சரின் தாள் அந்த இடத்தில் மழுங்கியிருந்தது. அவர் விரல் சுற்றிச் சுற்றி வந்தது. "இருக்கிற மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு. சத்தியமாச் சொல்ல முடியல."

"இருந்திருக்கும்" என்றாள் புள்ளியக்கா. "அப்படி ஓடின மனுஷன் சாவகாசமாவா சொல்லியிருப்பாரு?" சந்தேகத்தோடு அதையும் சேர்த்தார்கள்.

டீச்சர் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மாப்பிள்ளை அச்சுப் புத்தகத்தைத் திறந்தார்.

மேடையில் பேசிப் பழகிய குரல். ஆனால் மேடைக் குரல் இல்லை இப்போது. ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். ஒவ்வொரு வார்த்தையும் அவள் விரலுக்கு அடியில் வந்து நின்றது. பங்கு. தூர தேசம். பஞ்சம். பன்றி. ஒத்திகை. அவர் படிக்கும் முன்பே விரல் அடுத்த வார்த்தையில் காத்திருந்தது. எழுந்தான். நடந்தான். தூரத்தில் வரும்போதே. அப்பா ஓடினார், அச்சிலும், அவள் விரலுக்குக் கீழேயும், ஒரே அடிவைப்பில். தேய்ந்து மண்ணாய்ப்போன பக்கத்திலிருந்து, தப்பு செய்த ஐந்து கைகள் வழியாக அவர் வந்து சேர்ந்துவிட்டார். அவள் கன்னம் நனைந்தது. துடைக்கக் கை எடுத்தால் இடம் தவறிவிடும் என்று விட்டுவிட்டாள்.

படித்துக்கொண்டே வந்தவர் நின்றார். "அக்கா, 'சீக்கிரம்' இந்தப் புத்தகத்துல இல்ல."

"அப்போ அது நான் போட்டது" என்றாள்.

கடைசி வரை படித்தார்கள். வேறு எதுவும் பிசகவில்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும்.

மாப்பிள்ளை பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "இது என்ன, அடியில பொடி எழுத்துல? 'சில பழைய பிரதிகளில் இந்த வரி இல்லை'ன்னு போட்டிருக்கு. இங்கயும் ஒண்ணு. இங்கயும்."

"பழைய கையெழுத்துப் பிரதிங்க ஆயிரக்கணக்குல கிடைச்சிருக்குன்னு சொல்வாங்க" என்றார் டீச்சர். "வித்தியாசமும் ஏராளம்னு சொல்வாங்க. பெரும்பாலும் நம்ம மாதிரித் தப்புதான். விரல் தாவுறது, ரெண்டு தடவை எழுதுறது, அம்மாவைக் கூப்பிடுறது. முடிவு தெரியாத இடத்துல இப்படி அடியில போட்டுடுவாங்க."

"நான் எத்தனையோ நோட்டீஸ் போட்டிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை. "இந்த இடம் எங்களுக்கே சந்தேகம்னு ஒரு நோட்டீஸ்லயும் போட்டதில்ல." புத்தகத்தை மூடினார். "ஒண்ணு சொல்லிடுறேன்க்கா. அதுல சொன்னது நிஜமா நடந்துச்சான்னு இது சொல்லாது. அதை நான் இன்னும் ஒத்துக்கல. ஆனா எழுதினவன் எழுதினது இதுதான்னு சொல்லுது. அதுக்கு மேல வாதாட என்கிட்ட ஒண்ணும் இல்ல. எல்லாப் பிரதியும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருந்திருந்தா, எவனோ ஒருத்தன் உக்காந்து திருத்தியிருக்கான்னு சந்தேகப்பட்டிருப்பேன்."

புள்ளியக்கா அதைக் கேட்டாளா என்பது தெரியாது. அவள் வேறெங்கோ இருந்தாள். எந்த ஊர் என்று தெரியாத அறைகளில், எந்த மொழிக்காரர்கள் என்று தெரியாத கைகள். கண் மங்கியவன், தூக்கம் வந்தவன், குளிரில் விரல் விறைத்தவன், அம்மாவைச் சேர்க்காமல் இருக்க முடியாதவன். ஒருவன் தப்பு இன்னொருவனுக்குத் தெரியாது. ஒருவன் விட்டதை, முகம் தெரியாத இன்னொருவன் எங்கேயோ வைத்திருந்தான். தப்பே வராத கை ஒன்றுகூட அவர்களில் இருந்திருக்காது. இத்தனை காலமும் அந்தப் பாரம் ஒரே கையில் இருந்ததே இல்லை. அவள் கையிலும் இல்லை. மலை ஒன்று நகர்ந்து வழிவிட்டது போலிருந்தது அவளுக்கு.

"அந்த மூணையும் எரிக்கணுமாக்கா?" என்று நாற்காலிக்காரர் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம். விட்ட வரியைத் தனித் தாள்ல எழுதித் தர்றேன். நடுவுல சொருகிக்குங்க. ஆணி ஓட்டையை மட்டும் இனிமே எழுதாதீங்க."

"என் அம்மா?" என்றார் டெலிபோன்காரர்.

"உங்க வீட்டுலயே இருக்கட்டும். யாராவது இரவல் கேட்டா, இவங்க எங்க வீட்டு அம்மான்னு சொல்லிக் கொடுங்க."

வீட்டுக்கு வந்ததும் தங்கையை நாற்காலி போடச் சொல்லி அலமாரி மேலிருந்து துணி மூட்டையை இறக்கினாள். மாப்பிள்ளை கொண்டுவந்த காலண்டர் தாள்களில் ஓட்டை இல்லாத ஒன்றைத் தடவித் தேர்ந்தெடுத்தாள். சட்டம் கவ்வியது. பையன் ஒத்திகை முடித்த இடத்தில் விரல் நின்றது. இது முதல் இடம்தானா என்று மேலே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

டொக், டொக், டொக். ஊசிக்கு அடியில் அந்த அப்பா வலமிருந்து இடமாக, பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அவள் தாளைக் கழற்றித் திருப்பிப் போட்டாள். இடப்பக்கத்திலிருந்து, மகன் இருக்கும் பக்கமாக, ஓடிவந்தார்.